கோடைக்கு ஓர் அழைப்பு

தங்கள் ஊரின் பெருமையை விளம்பரம் செய்து வெளியூராரை அழைக்கும் ஸ்தாபனங்கள் இன்று எத்தனையோ உள்ளன. அவற்றுள் முன்னோடியான ஒன்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் 1921ஆம் ஆண்டில் தோன்றிய 'ஆல்-இயர் கிளப்' என்பது அது. 'ஆண்டு முழுவதும்' என்பது அப்பெயரின் பொருள்.

கிழக்கு மாநிலங்களில் பனி கொட்டும் மாதங்களில் அங்குள்ள செல்வந்தர்கள் ரயிலேறித் தென் கலிபோர்னியாவுக்கு வருவார்கள். பாசடினா போன்ற இடங்களில் பெரிய ஹோட்டல்கள் நிரம்பி வழியும். வசந்தம் பிறந்ததும் யாவரும் ஊர் திரும்பிவிடுவர். சில ஹோட்டல்கள் கதவையே அடைத்துவிடும். பாலைவனத்தை அடுத்த நாட்டுக்குக் கோடையில் யார் போவார் என்பது கிழக்கத்தியரின் எண்ணம். அதை மாற்றவே பத்திரிகை அதிபர் ஹாரி சாண்ட்லர் முதலான பிரமுகர்கள் இக்கிளப்பை நிறுவினர். மாவட்ட நிர்வாகமும் பொதுப்பணத்திலிருந்து உதவியது. கோடை இரவிலும் கம்பளி போர்த்துக்கொண்டு உறங்கலாம் என்று பத்திரிகைகளில் விளம்பரங்கள் வெளிவந்தன. பசிபிக் கடலின் குளிர்ந்த நீரோட்டத்தால் அங்கே இரவுகள் குளிர்வது உண்மைதான். விளம்பரத்தில் மெய்யும் உண்டு!

கோடையிலும் கூட்டம் வந்தது. வந்தவர்களில் பலர் அங்கேயே குடியேறினர். 1920இல் ஏறத்தாழ 5 லட்சத்து 77 ஆயிரமாக இருந்த நகர மக்கள்தொகை, 1930இல் 12 லட்சத்து 38 ஆயிரமாயிற்று. எண்ணெயும் திரைப்படத் தொழிலும் இதற்குக் காரணங்களே. ஆயினும் இந்த அழைப்பின் பங்கும் சிறிதன்று என்றே கருதுகிறேன்.

பிறகு பொருளாதார மந்தம் வந்தது. அப்போது கிளப்பின் விளம்பரங்களில் ஓர் எச்சரிக்கை காணப்பட்டது. விடுமுறையை இன்பமாகக் கழிக்க வருவோருக்கு நல்வரவு. வேலை தேடி வருவோர் ஏமாற்றமடைய நேரும், வரவேண்டாம் என்பது அதன் கருத்து. மொய் எழுதுவோர் மட்டும் வருக என்று கலியாணப் பத்திரிகையில் அச்சிட்டாற்போல எனக்குத் தோன்றுகிறது. ஒருவகையில் அது நேர்மையான எச்சரிக்கைதான். உண்மையிலேயே வேலை இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்காகப் பொன்னுலகமாகத் தீட்டிக் காட்டிய நாட்டை, புழுதிப் புயலால் நிலமிழந்த உழவன் மட்டும் எப்படி மறப்பான்?

1936ஆம் ஆண்டு பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ், 136 போலீசாரை மாநில எல்லைகளுக்கு அனுப்பினார். நகரிலிருந்து பல நூறு மைல் தூரத்தில் நின்று, கையில் காசில்லாதவர்களை அவர்கள் திருப்பி அனுப்பினர். பணம் படைத்த பிரயாணிகளுக்குத் தடையில்லை.

அந்தக் காவல் சில வாரங்களே நீடித்தது. ஏழைகளை மாநிலத்துக்குள் அழைத்து வருவது குற்றம் என்ற சட்டம் மட்டும் இருந்து வந்தது. டெக்சாஸிலிருந்து வேலையற்ற தம் மைத்துனரைக் காரில் அழைத்துவந்த எட்வர்ட்ஸ் என்பவர் அச்சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பட்டார். அவருடைய வழக்கில்தான், 1941ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், அச்சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. கலிபோர்னியாவின் விமானத் தொழிற்சாலைகளுக்கும் கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆட்கள் போதவில்லை. வேலைக்கு வாருங்கள் என்ற அழைப்பு நாடெங்கும் சென்றது.