துரு என்னும் சொல்
(பர்யூஷண விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

துரு என்பது ஈரெழுத்துச் சொல். ஆயினும் அது புழங்காத இல்லம் இல்லை. கதவின் கீல் திரும்ப மறுத்தால் துருப்பிடித்தது என்பர். கற்றதை நெடுநாள் எடுத்துப் பாராதவர் தம் மூளையே துருவேறிற்று என்று வருந்துவர். காலத்திற்கு ஒவ்வாத சட்டமும் துருப்பிடித்த சட்டமே. வேர்க்கடலை இலையின் அடியில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் உழவர் அதனைத் துருநோய் என்பர். யாழ்ப்பாணத்தார் இரும்பின் துருவைக் கறள் என்று வழங்குவர். செம்பிலும் பித்தளையிலும் படிவதற்கோ களிம்பு என்று வேறு பெயர் உண்டு. அக்களிம்பு புளிக்குழம்பில் இறங்காதிருக்கவே பாத்திரத்திற்கு ஈயம் பூசினர்.

தூசிக்கும் துருவிற்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. தூசி வெளியிலிருந்து வந்து படிவது; துடைத்தால் பொருள் முன்போலவே இருக்கும். துருவோ, நீரோடும் காற்றிலுள்ள உயிர்வளியோடும் கூடி இரும்பே மாறிய மாற்றம். அதனைச் சுரண்டினால் அந்த அளவுக்கு இரும்பும் குறைந்தே போகும். அலுமினியத்தின்மேல் உண்டாகும் மெல்லிய படலம் அவ்வுலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ பொருக்காய் உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பையும் ஈரத்திற்குக் காட்டிக்கொடுக்கும். உப்புச் சேருமிடத்தில் இவ்வழிவு இன்னும் விரையும்.

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்திற்குத் துருவும் உப்பும் புதியவை அல்ல. ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்ட ஈரத்தோலின்மீது இரும்பு பட்டால் கருநீலக் கறை விழும். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் கூடிய அக்கறை கழுவினால் போகாது. தோலின் மதிப்பு குறையும். இதே சேர்க்கையைக் கலம்காரி ஓவியர் தேடிச்சென்று பயன்கொள்வர். துருப்பிடித்த இரும்பை வெல்லநீரில் பல நாள் ஊறவைத்து, அச்சாற்றால் கடுக்காயில் தோய்த்த துணியில் கோடிழுத்தால் அழியாத கருமை பிறக்கும். ஓரிடத்தில் கறையாவது மற்றோரிடத்தில் கலையாகிறது. பொருள் ஒன்றே, அது எங்கே சேர்கிறது என்பதே வேறு.

உப்பின் நிலையும் அத்தகையதே. தோல் அழுகாதிருக்க இடும் உப்பு, ஊறவைத்துக் கழுவும் நீரோடு வெளியேறுகிறது. அந்நீர் பாலாற்றிலும் நிலத்திலும் கலந்ததால் கிணறுகள் உவர்த்தன. இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ பயிருக்குத் தகுதியற்றதாயிற்று என்னும் ஆய்வுச் செய்தியை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த அவ்வழக்கில் இரண்டு நெறிகள் நிலைநாட்டப்பெற்றன. கேடு நேருமுன் தடுத்தல் ஒன்று. கேடு செய்தவரே அதனைச் சீர்செய்யும் செலவை ஏற்றல் மற்றொன்று.

தமிழ்ச் சமண நூல்கள் இவ்விரண்டையும் வேறு பெயரால் அறியும். வினை உயிரை வந்தடைவது ஊற்று. வரும் வழியை அடைப்பது செறிப்பு. முன்னமே சேர்ந்ததைத் தவத்தால் களைவது உதிர்ப்பு. ஊற்றை அடைக்காமல் உதிர்ப்பை மட்டும் மேற்கொள்வது, மழையில் கிடக்கும் அரிவாளை நாள்தோறும் தேய்ப்பது போலாம். துரு போகும், அரிவாளும் தேய்ந்து போகும்.

இங்கே உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. வினை உயிரை மறைக்குமேயன்றி உயிரைத் தின்னாது. மறைப்பு நீங்கினால் அதன் ஒளி குறைவின்றி விளங்கும் என்பதே அறநூல்களின் துணிபு. ஆனால் ஆறும் நிலமும் உறவும் அத்தகையன அல்ல. அவை இரும்பைப் போன்றவை. உவர்த்த வயல் ஒரு மழையில் திரும்பாது. பத்தாண்டு பேசாதிருந்த உடன்பிறந்தார் மீண்டும் கூடினும் அப்பத்தாண்டு திரும்பாது.

சம்வத்சரி நாளில் ஒருவரையொருவர் வணங்கி 'மிச்சாமி துக்கடம்' என்று பொறுப்பு வேண்டுவது மரபு. அது ஆண்டிற்கொருமுறை துருவைச் சுரண்டும் சடங்காக நின்றுவிடலாகாது. அன்றாடம் செய்யும் பிரதிக்கிரமணம் அன்றன்று ஈரத்தைத் துடைக்கும் துணியாகும். அரிவாளை வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தடவி, இறவாணத்தில் செருகி வைக்கும் உழவன் துருவைப் பற்றிக் கவலை கொள்வதில்லை. மனத்தையும் ஆற்றையும் அவ்வாறே காத்தல் கடமை.