முதலிற் காக்கப்படுவோர் யார்?

(தொண்டிச் சங்கக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்துற்று, 108 ஊர்தியில் அரசு மருத்துவமனை சேர்வோரை, வந்த வரிசைப்படி நோக்குவதில்லை. மூச்சு, நாடி, நினைவு இவற்றைச் சோதித்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிப்பர், சிவப்பினர்க்கே முதலிடம். அலறுவோனுக்கு மூச்சுண்டு, பேச்சற்றுக் கிடப்போனுக்கோ அதுவும் ஐயமே. நெப்போலியன் படை மருத்துவர் லாரே என்பார், பதவி நோக்காது காயத்தின் கடுமையே நோக்கிச் சிகிச்சை செய்தனர்.

யாமும் ஒருகால் ஒரு மருத்துவமனையில், "எம்மவரை முதலிற் பாருங்கள்" என வாதிட்டோம்; உள்ளே உயிர்க்குப் போராடிய அயற்சிறுவனைக் கண்டு நாணினோம். நாளை அவ்விடத்தில் நம் பிள்ளையே கிடத்தலுங் கூடும். ஆதலின், ஒருவர் உடனின்று நிகழ்ந்தது கூறுக. ஏனையோர் வாயில் விட்டு விலகுக. குலப்பெருமை, கூச்சலில் இல்லை, வழிவிடுதலில் உண்டு.