புதினமும் புதிய நகரும்

(மலாக்கா மாநிலத் தோட்டப் படிப்பகம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முதியோர் வாய்மொழி. தோட்டத்தில் ஒருவர் கதைப் புத்தகமும் கையுமாக அமர்ந்திருந்தால், இப்பழமொழியைச் சொல்லி நகைப்போர் உண்டு. விடுமுறை நாளில் ஒருவர் வெளியூரைக் காணப் புறப்பட்டாலோ, 'ஊர் சுற்றுகிறான்' என்ற பெயர் எளிதில் வந்துவிடுகிறது. விடியுமுன் எழுந்து, மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைத்துத் திரும்பும் உழைப்பாளிக்கு இவ்விரண்டும் வேண்டாத ஆடம்பரம் என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. இவ்விரண்டும் உழைப்போருக்கு உரிய இன்பங்கள். இக்காலத்தில் அவர்களுக்குத் தேவையானவையும் ஆகும். இதுவே இன்று நாம் எடுத்துரைக்க விரும்பும் கருத்து.

முதலில் நாவலைப் பற்றிச் சில சொற்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை இயற்றிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவலாக 1879-இல் அச்சேறியது. இந்நாட்டிலும் நம்மவர் நெடுங்காலமாகவே நாவல் எழுதி வந்துள்ளனர். தோட்ட வாழ்வும் அவற்றுக்குப் பொருளாயிற்று. தமிழகத்தின் புகழ்பெற்ற எழுத்தாளர் அகிலன் மலேசியாவுக்கு வந்து, நம் தொழிலாளர் வாழ்வை அறிந்து, 'பால்மரக் காட்டினிலே' என்ற நாவலை 1970-களில் எழுதினார். நாம் அன்றாடம் கையாளும் உளியும் மங்கும் வாளியும் ஒரு நூலின் ஏடுகளில் ஏறி, கடல் கடந்த வாசகர் கண்ணிலும் படுகின்றன என்பது சிறு செய்தியா?

நாவல் செய்யும் மற்றொரு பணியும் உண்டு. வாய்விட்டுச் சொல்ல இயலாதவற்றை அது சொல்லிவிடுகிறது. ஜப்பானியர் ஆட்சியின்போது, 1942, 1943-ஆம் ஆண்டுகளில், சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதை போடப்பட்டது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையினராகக் கொண்டு செல்லப்பட்டனர். காய்ச்சலாலும் பேதியாலும் பசியாலும் மடிந்தோர் பலர். அத்துயரத்தை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாக 1993-இல் தந்தார்.

நாம் ஆசிரியர் பயிற்சி பெற்றுவந்த நாள்களில், ஒரு தோட்டத்து லயத்தில் கண்ட காட்சியை இங்கே சொல்லவேண்டும். இளைஞன் ஒருவன் மாலை வேளையில் அந்நாவலைத் தன் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மூதாட்டியோ எழுத்தறியாதவர். வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டிருந்தவர், ஓரிடத்தில் உரலை நிறுத்திவிட்டு, "எங்கப்பாவையும் இப்படித்தான்யா கூட்டிக்கிட்டுப் போனாங்க. திரும்பி வரவே இல்ல" என்றார். பேரன் திகைத்துப் போனான். தன் பாட்டனாரின் பாட்டனார் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியாத அவ்வீட்டில், பாட்டியின் தந்தை சயாமுக்குச் சென்றது அன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. "ஏன் பாட்டி, இத்தனை நாளா சொல்லல?" என்று கேட்டான். "யாரு கேட்டீங்க?" என்றார் அம்மூதாட்டி. அன்று அவ்வீட்டுக்கு உதவியது ஏட்டுச் சுரைக்காயே அன்றோ!

நாவல் நம்மை நம்மிடம் சேர்ப்பது போலவே, காணாத ஊர்களுக்கும் அழைத்துச் செல்கிறது. ப. சிங்காரம் இளமையில் தமிழகத்திலிருந்து சுமத்திராவின் மேடான் நகருக்கு வந்து, வட்டிக்கடையில் பணிபுரிந்தவர். அவர் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வெளிவந்தது. அதைப் படிப்போர் போர்க்கால மேடானின் தெருக்களிலும் பினாங்கிலும் நடந்து திரிகின்றனர். படித்து முடித்ததும், அந்நகரங்களை நேரில் காணவேண்டும் என்னும் ஆவல் எழுகிறது. நாவலின்பம் நகரின்பத்துக்கு வாயிலாகும் இடம் இதுவே.

ஆனால், கண்காணாத மேடானுக்குப் போகுமுன், கைக்கெட்டும் மலாக்கா நகரை நாம் பார்த்திருக்கிறோமா? ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் நகரம் நெடுந்தொலைவில் இல்லை. மருத்துவமனைக்குப் போயிருப்போம், அடையாள அட்டைக்காகப் போயிருப்போம், தீபாவளித் துணி எடுக்கப் போயிருப்போம். வேலை முடிந்ததும் பேருந்து ஏறித் திரும்பியிருப்போம். அது நாவலின் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பதை ஒக்கும்.

ஒருமுறை, வேறு வேலை ஏதுமின்றி, அந்நகரை ஏடு ஏடாகப் புரட்டிப் பாருங்கள். பொற்கொல்லர் தெரு எனப் பொருள்படும் ஜாலான் துக்காங் இமாசில் தொடங்கலாம். அங்கே மலாக்காச் செட்டிகள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் 1781-ஆம் ஆண்டிலிருந்து நிற்கிறது. அதன் அருகே 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். சிறிது நடந்தால், 17-ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயிலான செங் ஹூன் தெங். மூன்று சமயத்தார் ஒரே வழியில் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக வழிபட்டு வருகின்றனர். ஒற்றுமையைப் பற்றி நாம் ஆற்றும் உரைகள் யாவினும் அந்தத் தெரு தெளிவாகப் பேசும்.

ஆற்றைக் கடந்தால் டச்சுக்காரரின் செந்நிறக் கட்டடங்கள். குன்றின்மேல், 1521-இல் போர்த்துகீசியர் தொடங்கிய புனித பவுல் தேவாலயத்தின் கூரையற்ற சுவர்கள். அடிவாரத்தில், இடிபட்ட கோட்டையின் எஞ்சிய வாயில். அதன்மேல் டச்சுக்காரர் பொறித்த 1670 என்ற ஆண்டு. 1511-இல் போர்த்துகீசியரும், 1641-இல் டச்சுக்காரரும் வென்ற நகரம், பின்னர் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. அந்த நகரத்துத் திடலில்தான், 1956 பிப்ரவரி 20-இல், துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலை நாளை மக்களுக்கு அறிவித்தார். 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இந்நகரக் கதையில் நமக்கும் ஓர் இயல் உண்டு. பிரேசிலிலிருந்து 1876-இல் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட ரப்பர் விதைகளின் நாற்றுகள், அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. ஆயினும் அதை வாணிகப் பயிராக நட முன்வந்தோர் முதலில் எவருமிலர். 1896-இல் துணிந்து முன்வந்தவர், மலாக்காச் சீன வணிகர் தான் சாய் யான். புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் அவர் தொடங்கிய பயிரே மலாயாவின் முதல் வாணிக ரப்பர்ப் பயிர் என்பர். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின, ரப்பரின் விலை ஏறியது, தோட்டங்கள் பரவின, நம் முன்னோர் கப்பல் ஏறி வந்தனர். ஆகவே, மலாக்காவில் நாம் வழிப்போக்கர் அல்லர். நம் கதையின் முதல் ஏடுகளில் சில அங்கேயே எழுதப்பட்டன.

இதை இன்று வலியுறுத்தக் காரணம் உண்டு. தோட்டங்கள் மாறிவருகின்றன. பல இடங்களில் ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்துவிட்டது; சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துள்ளன. லயத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. நகரத்தை முன்பின் அறியாமல் அங்கே போய் விழுபவன் அஞ்சுகிறான். அலுவலகத்தில் வாய் திறக்கத் தயங்குகிறான். அதன் தெருக்களை மனைவி மக்களோடு நடந்து பார்த்தவனுக்கு அந்தக் கூச்சம் குறையும். நாவல்களில் பலதிறப்பட்ட மனிதரைச் சந்தித்தவனுக்கு அயலாரோடு பழகுவதும் எளிதாகும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு நாவலைத் தெரிந்தெடுங்கள். எழுத்தறிந்தோர் மாலையில் உரக்கப் படிக்கட்டும், முதியோர் கேட்கட்டும், அவர்கள் நினைவுகளைப் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். பின்னர் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, கட்டுச்சோற்றுடன் ஒருநாள் மலாக்காவைக் காணச் செல்லுங்கள். பெருஞ்செலவு வேண்டியதில்லை; நடக்கக் கால்களும் பார்க்கக் கண்களும் போதும்.

மாலையில் திரும்பும்போது, பேருந்தில் உங்கள் பிள்ளை, "அப்பா, அந்தக் கோட்டையை ஏன் இடித்தார்கள்?" என்று கேட்கும். விடை தெரியாவிட்டால் வருந்தவேண்டாம். "வா, தேடிப் படிப்போம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் உங்கள் இல்லத்தில் பிறந்துவிட்டால், நாம் இங்கு வந்து பேசியதன் பயன் நிறைவேறியதாகும்.