பேசாத குழந்தையின் பாஷை

(ஜீவனஹள்ளியில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஒரு தாயார் ஆற்றிய உரை)



என் பெண்ணுக்கு 14 வயது. பிறவியிலேயே செரிப்ரல் பால்ஸி. நடக்க மாட்டாள், பேச மாட்டாள். இதைக் கேட்டதும் சிலர் "பாவம்" என்பார்கள், சிலர் பரிகாரம் சொல்வார்கள். எல்லாம் அன்பினால்தான். இன்று அவளுடைய பாஷையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

தசைகளை இயக்கும் மூளைப் பகுதி பாதிக்கப்படுவதுதான் இந்த நிலை. நாக்கும் உதடும் தசைகள்தானே? அதனால் மனதில் இருப்பது வார்த்தையாக வெளியே வருவதில்லை. வாய் பேசவில்லை என்பதற்காகப் புரியவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அவள் மேலே பார்த்தால் "ஆமாம்". கண்ணை இறுக மூடினால் "வேண்டாம்". காலையில் டிகாக்‌ஷன் வாசனை வந்ததும் ஒரு சிரிப்பு. ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதினால் இன்னொரு சிரிப்பு. இரண்டும் வேறு வேறு. போன நவராத்திரியில் எந்தப் பொம்மை எந்தப் படி என்று அவளையே கேட்டோம். செட்டியார் பொம்மையைப் பார்த்தாள். பிறகு மேல் படியைப் பார்த்தாள். என் மாமியார் மறு பேச்சில்லாமல் கலசத்தைச் சற்று நகர்த்திச் செட்டியாருக்கு இடம் செய்தார். அந்தக் கொலுவைப் போல எங்கள் அகத்தில் எந்தக் கொலுவும் ரசிக்கவில்லை.

படம் காட்டிப் பழக்கினால் குழந்தை பேச்சையே விட்டுவிடுமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி நேர்வதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய "ஆவாஸ்" செயலியில் படத்தைத் தொட்டால் அது குரல் கொடுக்கும். அட்டையில் ஒட்டிய நாலு படங்களாலும் ஆரம்பிக்கலாம்.

மும்பையில் மிது ஆலூர் தம் மகள் மாலினிக்காக 1972-ல் ஸ்பாஸ்டிக்ஸ் சொஸைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். அந்த மாலினி சிப் பிற்காலத்தில் ஒரே ஒரு விரலால் தட்டச்சு செய்து தம் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். எல்லாக் குழந்தைகளும் புத்தகம் எழுதப் போவதில்லை. எங்கள் பெண் செட்டியாரை மேலே ஏற்றினாள். எங்களுக்கு அதுவே விழா.

இனி, என்னைப் போன்ற ஒவ்வொரு தாயாரும் இரவில் நினைக்கும் விஷயம். எங்களுக்குப் பிறகு?

1999-ல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, ஆட்டிஸம், செரிப்ரல் பால்ஸி, அறிவுத்திறன் குறைபாடு, பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதான பின் காப்பாளரை நியமிக்க வழி இருக்கிறது. அவர்களுடைய "நிராமயா" காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். தகுதியுள்ள குடும்பங்கள் அவசியம் சேர வேண்டும். ஆனால் கண்ணை மூடினால் "வேண்டாம்" என்று அர்த்தம் என்பதை எந்தச் சட்டமும் காப்பாளருக்குச் சொல்லித் தராது.

அதற்காகத்தான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். எது பிடிக்கும், எது பயம், தயிர் சாதத்தை எவ்வளவு மசிக்க வேண்டும், எந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் எல்லாம் அதில் உண்டு. அன்றாடச் சந்தோஷங்களைத் தேதி போட்டு எழுதுகிறேன். சென்ற வருஷம் என் தாயாரின் சிராத்தத்துக்காகக் கும்பகோணம் போனபோது, மூன்று நாள் என் நாத்தனார் அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் அவளைப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்து பார்த்தால் கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு வரி: "நான் தும்மினால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்." அது எனக்கே தெரியாத சங்கதி! இந்தப் பாஷை தெரிந்தவர்களில் ஒருவர் கூடிவிட்டார் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்படிப்பட்ட குழந்தை உள்ள குடும்பங்கள் நாளையே ஒரு நோட்டு வாங்குங்கள். மற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் அகத்துப் பூணூலுக்கும் சீமந்தத்துக்கும் எங்களை அழைக்கும்போது குழந்தையையும் பெயர் சொல்லி அழையுங்கள். பார்க்கும்போது, "சாப்பிட்டாளா?" என்று என்னைக் கேட்காமல், "சாப்பிட்டாயா?" என்று அவளையே கேளுங்கள். மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். பதில் வரும்.