இயற்கணிதமும் புரோநோட்டும்



இயற்கணிதம் தேர்வோடு தீர்ந்துபோவது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். புரோநோட்டில் கைநாட்டு வைக்கும் வீட்டில்தான் அதற்கு முதல் வேலை இருக்கிறது.

நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் 1000 ரூபாய் கடன் வாங்குவதாகக் கொள்வோம். மாத எண்ணிக்கையை ம என்க. தனிவட்டியெனில் கடன் 1000 + 30ம. மாதந்தோறும் அதே முப்பதுதான் கூடும். வரைபடத்தாளில் நேர்கோடாக விழும். வட்டியை அசலோடு சேர்த்தாலோ, மாதந்தோறும் 1.03ஆல் பெருக்க வேண்டும். ம என்பது 1.03இன் தலைமேல் அடுக்காக ஏறிவிடுகிறது.

முதல் மாதம் இரண்டும் 1030. இரண்டாம் மாதம் 1060, 1060.90. தொண்ணூறு காசுதானே என்போம்; நம்மவர் ஏமாறும் இடம் அதுவே. அறுபதாம் மாதத்தில் முன்னது 2800. பின்னது ஏறத்தாழ 5892!

கடன் இரட்டிப்பது எப்போது? 1000 + 30ம = 2000 எனில், 34ஆம் மாதம். அடுக்கில் ஏறியதை இறக்க மடக்கை வேண்டும். 2இன் மடக்கை 0.3010, அதனை 1.03இன் மடக்கையாகிய 0.0128ஆல் வகுக்க, 23.5. ஆக, 24ஆம் மாதமே இரட்டித்துவிடும்.

கந்துவட்டியைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. ஆயினும் முறையிடச் செல்பவர் கையில் கணக்கு இருக்க வேண்டாமா? இளைஞர்களே, வீட்டுக் கடனின் அசல், வட்டி, வாங்கிய தேதி, வட்டி அசலில் சேருகிறதா என்பவற்றை இன்றிரவே பெற்றோரிடம் கேட்டு எழுதுங்கள். கணக்கு வராதவர்கள் தாளோடு வாருங்கள், சேர்ந்து போடுவோம்.