ஆறாத அழற்சியும் பெருங்குடற் புற்றுநோயும்



 இந்த ஆய்வரங்குக்காக நாம் கூடியிருக்கும் தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867-ஆம் ஆண்டு தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர், 1892-இல் வயிற்றுக்கடுப்பினால் உயிர்நீத்தார். அவர் காலத்தில் இம்மலைகளிற் காடு வெட்டிக் கொழுந்தெடுத்த நம் முன்னோரையும் அவ்வியாதி விட்டுவைக்கவில்லை. அந்தக் கடுப்பு குடலில் எழும் கொடிய அழற்சியே. எனினும் அதிலிருந்து பிழைத்தவனை அது பெரும்பாலும் சில நாளில் விட்டு நீங்கிவிடும். நம்முடைய இன்றைய விசாரணைக்குரியதோ, நீங்காது ஆண்டுக்கணக்கில் நிலைத்துநிற்கும் அழற்சி பெருங்குடற் புற்றுநோயை எவ்வாறு வளர்க்கிறது என்பதாகும்.

இவ்வுறவைப் பற்றிய சிந்தனை புதிதன்று. 1863-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ருடோல்ப் விர்ச்சோ, புற்றுக்கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் குடியிருப்பதைக் கண்டு, ஓயாத அழற்சியுள்ள இடத்திலேயே புற்று முளைக்கிறது என்று கருதினார். புண்ணுடைய பெருங்குடல் அழற்சியால் வருந்தியோரிடம் புற்றுநோய் தோன்றுவதை 1925-இல் வைத்தியர்கள் குரோனும் ரோசன்பர்க்கும் எடுத்துக்காட்டினர். பல ஆய்வுகளைத் திரட்டி 2001-இற் கணித்தபோது, அவ்வழற்சி உடையோரில் நூற்றுக்கு இத்தனை பேர் புற்றுநோய்க்கு ஆளாவர் என்ற கணக்கு 10 ஆண்டில் 2 ஆகவும், 20 ஆண்டில் 8 ஆகவும், 30 ஆண்டில் 18 ஆகவும் ஏறக் காணப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் இதனினும் குறைந்த தொகையையே காட்டின என்றாலும், காலம் நீள நீள ஆபத்து ஏறுகிறது என்பதை அவையும் மறுத்தில.

இது நிகழும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பெருங்குடலின் உட்சுவர் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்குழிகள் நிறைந்துள்ளன. ஒவ்வொரு குழியின் அடியிலும் இருக்கும் மூல உயிரணுக்கள் இடையறாது பிளந்து, நாலைந்து நாளுக்கொரு முறை அச்சுவரைப் புதுப்பிக்கின்றன. கிருமியைக் கொல்ல வந்த வெள்ளையணுக்கள் உமிழும் உக்கிரமான பிராணவாயுச் சேர்மங்கள், கிருமி ஒழிந்த பின்னும் தொடர்ந்து வெளிப்படுமாயின், பிளந்துகொண்டிருக்கும் அம்மூல அணுக்களின் மரபுப்பொருளையே சிதைத்துவிடுகின்றன. சதைமொட்டிலிருந்து புற்று வளரும் சாதாரண மார்க்கத்தில் ஏபிசி என்னும் மரபணு முதலிலும், பி53 என்னும் காவல் மரபணு பிற்பாடும் கெடுவது வழக்கம். அழற்சியின் மார்க்கத்திலோ பி53 ஆரம்பத்திலேயே பழுதாகிறது. அன்றியும், அங்கே கேடுற்ற பகுதி பல வேளைகளில் மொட்டாக எழாது தட்டையாகப் படர்வதால், குடலுள்நோக்கியைக் கையாளும் நிபுணர் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது.

புற்று வேர்கொண்ட பின்னர் அழற்சி அதற்கு ஊழியம் செய்யத் தொடங்குகிறது. இன்டர்லூக்கின்-6 முதலிய தூதுப்பொருள்கள் புற்றணுக்களை மடியவிடாது காக்க, புதிய இரத்தக்குழாய்கள் அவற்றுக்கு உணவூட்டுகின்றன. இதனைக் கருதியே அறிஞர் ஹரோல்ட் டுவோராக் 1986-இல் புற்றுக்கட்டியை ஆறாத புண் என்று வர்ணித்தார். ஆயினும் அழற்சி முழுவதையும் பகையென்று தள்ளிவிடலாகாது. பாரிஸ் நகரத்து ஜெரோம் கலோனும் அவர்தம் சகாக்களும், கட்டிக்குள் டி வகை நிணவணுக்கள் என்னும் வெள்ளையணுக்கள் செறிந்திருந்த நோயாளர் அதிக காலம் பிழைத்திருந்தனர் என்று 2006-இல் நிறுவினர். எந்த அழற்சி காப்பது, எந்த அழற்சி கெடுப்பது என்று பகுத்தறியாமல், அழற்சியை அடக்கும் மருந்துகளையெல்லாம் புற்றுநோய்க்கு எதிராகப் பிரயோகிக்க முற்படுவது விவேகமன்று என்பதே என் திடமான அபிப்பிராயம்.

அழற்சியை அடக்கும் மருந்தாகிய அஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். பரம்பரையாக இந்நோய்க்கு ஆளாகும் லிஞ்ச் நோயியல்புடையோர் நாள்தோறும் 600 மில்லிகிராம் அஸ்பிரினை ஈராண்டேனும் உட்கொண்டபோது பெருங்குடற் புற்று குறைந்தது என்பது 2011-இல் வெளியான ஆய்வு தரும் நற்செய்தி. அதே மருந்து இரைப்பையில் இரத்தம் கசியச் செய்யும் என்பதும் உண்மையாதலால், எல்லோரும் கடையில் வாங்கி விழுங்குவதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது.

நம் இலங்கை நாட்டில், கொழும்பு, கம்பகா மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் நடத்தப்பெற்று 2010-இல் வெளியான ஆய்வு, இலட்சம் பேரில் ஏறக்குறைய 5 பேருக்குப் புண்ணுடைய பெருங்குடல் அழற்சி உண்டென்று கணித்தது. தொகை சிறிது, ஆனால் கணக்கில் வந்தோர் வைத்தியசாலைப் படியேறியோர் மட்டுமே என்பதை நாம் மறத்தலாகாது. காலையில் மலைக்குப் போன பெண்ணொருத்தி, மலத்தோடு இரத்தமும் சளியும் போவதை வாரக்கணக்காக எவரிடமும் சொல்லாது, மூலச்சூடு என்று எண்ணி வெந்தயம் ஊறிய நீரைக் குடித்துவிட்டு, கொழுந்துக் கூடையை மறுபடி முதுகிலேற்றிக்கொள்கிறாள். கண்டி வைத்தியசாலைக்குப் புறப்பட்டால் அன்றைய பேரும் அதற்குரிய கூலியும் போய்விடும், லயத்தில் பிள்ளையைப் பார்க்க ஆளிருக்காது. மரபணுக்களைப் பற்றிய நம் ஞானமெல்லாம் அவளிடம் போய்ச் சேரும் வழி எது என்பதையும் இந்தச் சபை ஆராயவேண்டும் என்று விரும்புகிறேன்.

அதனாலேயே முற்பகல் அமர்வில், மூலத்தின் இரத்தப்போக்கையும் நீடித்த குடல் அழற்சியின் இரத்தப்போக்கையும் தோட்ட மருந்தகத்திலேயே வேறுபடுத்தி அறிவது பற்றிய கட்டுரைக்கு முதலிடம் தந்துள்ளோம். அதனை வாசிக்குமாறு கட்டுரையாளரை அழைக்கிறேன்.