தலைமாட்டில் இருக்கும் குளிசை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், சுகாதாரத் துறையில் பணியாற்றிய பழைய மாணவிகள் நால்வர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



மேடையில் ஒருவர் நின்றாலும் இது நால்வரின் பேச்சு. எங்களுள் இருவர் வைத்தியர்கள், ஒருவர் மருந்தாளர், ஒருவர் ஓய்வுபெற்ற தாதி. இந்தக் கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் ஒரே வாங்கில் இருந்து மூளையின் படத்தை வரைந்து பழகியவர்கள். கல்லூரியின் பெருமைகளை எடுத்துரைக்க இங்கே பலர் இருக்கிறார்கள். நாங்கள் பேச வந்தது எங்கள் வயதினர் பலரின் தலைமாட்டில் இருக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றி. அதுதான் தூக்கக் குளிசை.

1960 இல் லிப்ரியம் என்ற பெயரிலும், 1963 இல் வாலியம் என்ற பெயரிலும் இவ்வகை மருந்துகள் விற்பனைக்கு வந்தன. இரண்டையும் உருவாக்கியவர் ரோஷ் நிறுவனத்தில் பணியாற்றிய லியோ ஸ்டேர்ன்பாக் என்ற இரசாயனவியலாளர். வாலியம் என்பதே நாம் அறிந்த டயசெபாம். குளோனசெபாம், லோராசெபாம், அல்பிரசோலாம் ஆகியனவும் அதே குடும்பம். இவை கெட்ட மருந்துகள் அல்ல. நிற்காத வலிப்பை நிறுத்தி உயிர் காப்பவையும் இவையே.

நமது மூளைக்குள் பிரேக் போல வேலை செய்யும் ஓர் இரசாயனம் உண்டு. அதன் பெயர் காபா. இக்குளிசைகள் அந்தப் பிரேக்கை இன்னும் இறுக்கிப் பிடிக்கச் செய்கின்றன. அதனால் மனம் அடங்கும், தூக்கம் வரும். ஆனால் மாதக்கணக்கில் பாவித்தால் மூளை அதற்குப் பழகித் தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. அந்த நிலையில் குளிசையைத் திடீரென நிறுத்தினால், பிரேக் இல்லாத சைக்கிள் இறக்கத்தில் ஓடுவது போலாகும்.

இதை நாங்கள் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எங்களுள் தாதியாக இருந்தவரின் தாயார், 1995 இடப்பெயர்வின் பின் தூக்கமின்றித் தவித்தார். அப்போது தொடங்கிய டயசெபாம் பல வருடங்கள் தொடர்ந்தது. ஒருநாள் இரவு எழுந்து நடந்தபோது விழுந்துவிட்டார். முதியோரின் உடலில் இம்மருந்து நெடுநேரம் தங்கித் தள்ளாட வைக்கும் என்பது மகளுக்குத் தெரியும். கோபத்தில் குளிசை மட்டையை அன்றே குப்பையில் போட்டார். முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. டயசெபாம் உடலை விட்டு மெதுவாகவே வெளியேறும் என்பதால் விளைவும் பிந்தியே வந்தது. ஒரு வாரம் முடியுமுன் கை நடுங்கியது, அம்மா இறந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பின்பு வலிப்பு வந்தது.

அவர் பிழைத்தார். வைத்தியர் அதே மருந்தை மீண்டும் தொடங்கி, எட்டு மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார். அந்த மாதங்களில் மகள் இரவில் தாயின் பக்கத்தில் இருந்து கதை கேட்டார். விட்டு வந்த வீடு, கிணற்றடி, வழியில் தவறவிட்ட தங்கை என ஒவ்வொன்றாக அம்மா சொன்னார். "இத்தனை வருசமாக குளிசையைக் கொடுத்தோமே, ஏன் தூங்கவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லையே" என்று எங்கள் தோழி சொன்னது இன்னும் எங்கள் காதில் நிற்கிறது.

ஆகவே சகோதரிகளே, தூக்கக் குளிசை எழுதித் தரப்படும்போது "எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சில வாரங்களே போதும். ஏற்கெனவே நெடுநாள் பாவிப்பவர்கள் இன்று இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு இன்றிரவே நிறுத்த வேண்டாம். வைத்தியரிடம் போய், குறைக்கும் வழியைக் கேளுங்கள். வலிப்புக்குக் குளிசை எடுப்போருக்கும் இதுவே விதி. கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். தடிமனுக்கு நாம் எடுக்கும் பிரிட்டனும் மூளையை மந்தப்படுத்தும். டிரமடோல் போன்ற கடும் நோ மருந்துகளோடு தூக்கக் குளிசை சேர்ந்தால் மூச்சே குறையலாம். உங்கள் குளிசையை அயல்வீட்டு அக்காவுக்கு இரக்கப்பட்டுக் கொடுக்காதீர்கள்.

பின்னேரத் தேநீரைக் குறைப்பதும், பகல் தூக்கத்தைச் சுருக்குவதும், தினமும் ஒரே நேரத்தில் எழும்புவதும் சிறு விடயங்கள்தான். ஆனால் பலருக்கு அவை உதவியிருக்கின்றன.

இச்சங்கத்தில் நாம் ஒருவரையொருவர் சந்திக்கும்போது பிள்ளைகளைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் விசாரிக்கிறோம். இனி "இரவில் நித்திரை வருகிறதா?" என்றும் கேட்போம். பதிலைக் கேட்கப் பத்து நிமிடம் பொறுத்திருப்போம். எம் கல்லூரித் தாய்க்கு இந்த நூற்றாண்டில் நாங்கள் நால்வரும் வைக்கும் சிறு காணிக்கை இந்த வேண்டுகோளே.